டல்ஹௌசி ஊற்றும் பேரீச்ச மரங்களும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளமாகிவிட்டது. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்கள் யாரும் டல்ஹௌசி பிரபுவை மறந்திருக்க மாட்டீர்கள். 1848 முதல் 1856 வரை கவர்னர் ஜெனரல். சதாரா, ஜான்சி, நாக்பூர் என்று வாரிசு இழப்புக் கொள்கையில் போன நாடுகளை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வேன். 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இரண்டாம் சிவாஜி மன்னர் இறந்ததும் நம் தஞ்சாவூரும் போனது அவர் காலத்தில்தான். 1853-ல் பம்பாயிலிருந்து தானே வரை ஓடிய முதல் பயணிகள் ரயில், தந்திக் கம்பி, அரையணா தபால்தலை என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட மற்ற விஷயங்களையும் படித்திருப்பீர்கள்.

அந்த டல்ஹௌசியின் பெயர் ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் ஒரு வெந்நீர் ஊற்றுக்கு இருக்கிறது. டல்ஹௌசி ஸ்பிரிங்ஸ். அதன் படத்தை வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பி, "டீச்சர், இது அரபு நாடு மாதிரியே இருக்கிறதே, ஆஸ்திரேலியாவில் பேரீச்ச மரம் எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இழுக்க இழுக்க நூல் வந்துகொண்டே இருந்தது.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். டல்ஹௌசி பிரபு ஆஸ்திரேலியாவில் கால் வைத்தவர் இல்லை. இந்தியாவிலிருந்து உடம்பு கெட்டுத் திரும்பி, 1860-ல் ஸ்காட்லாந்தில் இறந்துவிட்டார். அவருக்கு ஆண் வாரிசு கிடையாது, இரண்டும் பெண் பிள்ளைகள். (வாரிசு இல்லை என்று ஊரார் நாட்டையெல்லாம் எடுத்துக்கொண்டவருக்கு ஆண் வாரிசு இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்ச் வரை நிமிர்ந்து உட்காரும்.) இளைய மகள் எடித், ஜேம்ஸ் பெர்குசன் என்பவரை மணந்தார். பெர்குசன் 1869-ல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கவர்னராகப் போனார். அந்த நேரத்தில்தான் அடிலெய்டிலிருந்து வடக்கே டார்வின் வரை தந்திக் கம்பி இழுக்கப் பாதை அளந்தார்கள். அளந்து போனவர்கள் வழியில் கண்ட ஊற்றுகளுக்குக் கவர்னர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரைச் சூட்டினார்கள். எடித் 1871-ல் அடிலெய்டிலேயே இறந்துபோனார். பெர்குசன் பிறகு பம்பாய் மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார். புனேயில் இருக்கும் பெர்குசன் கல்லூரி அவர் பெயரில் உள்ளதுதான்.

ஆனால் அந்த ஊற்றுக்கு அதற்கு முன்பே பெயர் இருந்தது. அந்த நிலத்தின் மக்கள் கீழைத் தெற்கு அரெர்ண்டே, வாங்கங்குரு என்னும் பழங்குடியினர். அவர்கள் அதை இர்வான்யெரே என்பார்கள். குணமாக்கும் ஊற்று என்று பொருள் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் அளவுச் சங்கிலியோடு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்து அவர்கள் அந்தத் தண்ணீரைச் சுற்றி வாழ்ந்தவர்கள்.

பாலைவனத்தில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆஸ்திரேலியாவின் அடியில் மாபெரும் ஆர்ட்டீசியன் வடிநிலம் ஒன்று இருக்கிறது. பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், நம் இந்தியாவில் பாதிக்கும் மேல். மேடான ஓரங்களில் பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்கி, மேலும் கீழும் நீர் புகாத பாறை அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நகர்கிறது. மொட்டை மாடியில் தொட்டி, கீழே சமையலறையில் குழாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பீறிடுகிறது அல்லவா? அப்படி நிலத்தில் வெடிப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் மேலே வந்துவிடும். இந்தத் தொட்டியிலிருந்து குழாய்க்கு வந்து சேர லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்திருக்கும், அதுதான் வித்தியாசம். ஆழத்திலிருந்து வருவதால் தண்ணீர் சூடாகவும் இருக்கும். டல்ஹௌசியின் பெரிய குளம் நாம் ஐப்பசி மாதத்தில் குளிக்க விளாவும் வெந்நீர் பதத்தில் இருக்கிறது.

இப்படி நூற்றுக்கு மேற்பட்ட ஊற்றுவாய்கள் அங்கே கூட்டமாக இருக்கின்றன. சுற்றிலும் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை இல்லாத சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரம். கடலுக்கு நடுவில் தீவு எப்படியோ அப்படி, மணலுக்கு நடுவில் இந்தத் தண்ணீர். தீவில் மாட்டிக்கொண்ட உயிர்கள் தனி இனமாக மாறிவிடும் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருப்பார். இங்கேயும் அதுதான். டல்ஹௌசிக் கெளுத்தி ஒன்று, உளுவை வகை ஒன்று, இன்னும் சில சிறு மீன்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன நத்தைகள் என்று உலகத்தில் வேறு எங்குமே இல்லாத உயிர்கள் இந்தக் குளங்களில் இருக்கின்றன. குளத்தில் இறங்கினால் குட்டி மீன்கள் வந்து காலைக் கடிக்குமாம். நம் ஊர்க் குளத்தில் கடிக்காததா என்று தோன்றும். ஆனால் அந்த மீன் அந்த ஊற்றுக் கூட்டத்தைத் தாண்டினால் பூமியில் எங்கேயும் கிடையாது. ஒரு குளம் கெட்டால் அதில் உள்ளது போகும்.

இனி மரத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒட்டகத்தைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியைக் குதிரையாலும் மாட்டு வண்டியாலும் கடக்க முடியவில்லை. 1860-ல் மெல்பர்னிலிருந்து கிளம்பிய பர்க், வில்ஸ் பயணக் குழுவுக்காக இந்தியாவிலிருந்து 24 ஒட்டகங்களை வாங்கிப் போனார்கள். அவற்றோடு ஒட்டகக்காரர்களும் போனார்கள். 1866 தொடங்கும் சமயத்தில் தாமஸ் எல்டர் என்னும் பெரும் பண்ணைக்காரரின் ஏற்பாட்டில் கராச்சியிலிருந்து கப்பல் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள், 31 ஆட்கள். அதிலிருந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி ஒட்டக முதுகில்தான் நடந்தது. ஆட்டு ரோமம், மாவு மூட்டை, தந்திக் கம்பி, தண்டவாளத்துக்கான கட்டை, பள்ளிக்கூடத்துப் பலகை, பியானோ எல்லாம் ஒட்டகத்தில்தான் போயின. ஒரே வரிசையில் எழுபது ஒட்டகங்கள் வரை மூக்கணாங்கயிற்றில் கோர்த்தபடி போகும். மொத்தம் 2,000-க்கும் மேற்பட்ட ஒட்டகக்காரர்கள் போயிருக்கிறார்கள், 4,000 வரைகூட இருக்கலாம் என்பவர்கள் உண்டு.

வெள்ளைக்காரர்கள் இவர்கள் எல்லோரையும் "ஆப்கான்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். சுருக்கி "கான்". அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகும் ரயிலுக்கு இன்றும் அதுதான் பெயர். உண்மையில் காபூல், காந்தகார்க்காரர்கள் அதில் ஒரு பகுதிதான். பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், பெஷாவர், ராஜஸ்தான் பக்கத்து ஆட்கள் ஏராளம். பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியக் குடிமக்கள். கராச்சி அன்றைக்கு பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. பெர்குசன் பின்னாளில் ஆண்டது அந்த மாகாணத்தைத்தான். வரலாறு சில சமயம் சின்ன ஊர்ச் சந்தை மாதிரி, திரும்பின பக்கமெல்லாம் தெரிந்த முகம்.

இவர்கள் நடந்த பாதை ஊற்றுகளின் பாதை. 1859-ல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்னும் பயணி ஓர் ஊற்றிலிருந்து அடுத்த ஊற்றுக்கு என்று தாவித் தாவி வடக்கே போனார். பழங்குடியினர் காலங்காலமாக நடந்த வழிதான் அது. பின்னால் தந்திக் கம்பியும் பெரும்பாலும் அதே வழியைப் பிடித்தது, ரயிலும் பிடித்தது. ஒட்டகம் பல நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும். கூடவே நடக்கும் மனிதன் இருக்க முடியாதே. ஆகவே ஒட்டகக்காரன் இரவு தங்குவது, தொழுகைக்கு முன் கை கால் கழுவுவது, ரொட்டி சுடுவது எல்லாம் ஊற்றங்கரையில். மாதக்கணக்கில் கெடாமல் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய உணவு பேரீச்சம்பழம். அது விளைவதும் இந்த மாதிரி இடத்தில்தான். அடி தண்ணீரில், முடி நெருப்பில் நிற்கும் மரம் என்று அரபு நாட்டார் அதைப் பற்றிச் சொல்வார்கள். டல்ஹௌசி ஊற்றங்கரை அந்த மரத்துக்கென்றே அமைந்த மாதிரி இடம்.

ஆனால் "ஒட்டகக்காரர்கள் நட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நியாயம் இல்லை. சுற்றுலாக் கைப்பிரதிகளில் அப்படித்தான் போட்டுவிடுகிறார்கள். நட்டவர்களில் இன்னும் இரண்டு கூட்டத்தார் உண்டு. ஒன்று, பண்ணைக்காரர்கள். டல்ஹௌசியில் 1870-களிலேயே மாட்டுப் பண்ணை போட்டுவிட்டார்கள். நிழலுக்கும் பழத்துக்கும் வீட்டைச் சுற்றிப் பேரீச்சை வைத்தார்கள். இன்னொன்று, சாட்சாத் அரசாங்கம். மெல்பர்னில் இருந்த புகழ்பெற்ற தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர், உட்பாலைவனத்துக்குப் பேரீச்சைதான் ஏற்ற மரம் என்று ஓயாமல் எழுதியவர். தெற்கு ஆஸ்திரேலிய அரசு 1890-களில் மாரீ என்னும் ஊருக்குப் பக்கத்தில் லேக் ஹாரி என்ற இடத்தில் பெரிய பேரீச்சந்தோட்டமே போட்டது. தோட்டம் தோற்றுப்போனது. அந்தக் காலத்து எண்ணம் அது: இந்த நிலம் காலியாகக் கிடக்கிறது, நல்லதாக எதையாவது கொண்டுவந்து நட்டால் செழிக்கும். முயல், நரி, நாகதாளி எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது இந்த எண்ணத்தின் முதுகில்தான்.

அரசுத் தோட்டம் தோற்க, யாரும் கவனிக்காத ஊற்றங்கரை மரங்கள் ஏன் பெருகின? இதற்குப் பேரீச்சையின் குணம் தெரிய வேண்டும். நம் பனை மாதிரியே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நல்ல பழம் வேண்டுமென்றால் ஆள் ஏறி ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பாளையில் தூவ வேண்டும். நல்ல மரத்தின் அடியில் வரும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால்தான் தாய் மரத்தின் பழம் கிடைக்கும். கொட்டை போட்டு முளைப்பதில் பாதி ஆண், மீதிப் பெண்ணிலும் பழம் பெரும்பாலும் சதை இல்லாமல் கொட்டையும் தோலுமாக இருக்கும். தோட்டமாக நடத்த ஆள் வேண்டும், கைப்பழக்கம் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தோட்டம் செத்துவிடும், ஆனால் மரம் சாகாது. காற்றே ஓரளவு மகரந்தத்தைச் சுமந்துவிடும். பழத்தைப் பறவை தின்னும், விலங்கு தின்னும், வழிப்போக்கன் தின்று கொட்டையைத் துப்புவான். விழுந்த கொட்டையை ஊற்றுநீர் இழுத்துக்கொண்டு போகும். ஈரம் உள்ள இடத்தில் எல்லாம் முளைக்கும். தோட்டக்காரனுக்கு உதவாத மரம் ஊற்றங்கரைக்குச் சொந்தக்காரன் ஆனது இப்படித்தான்.

மரம் பெருகிய அதே ஆண்டுகளில் நட்டவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு என்ன நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதை அரைகுறை.

1901-ல் ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்ததும் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையர் அல்லாதவர் உள்ளே வராமல் தடுப்பதற்காகவே போட்டது. 1903-ல் குடியுரிமைச் சட்டம்: ஆசியாவில் பிறந்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. முப்பது ஆண்டுகள் அந்த நாட்டுக்காகப் பாலைவனத்தில் நடந்தவனும் அந்நியன்தான். ஊரிலிருந்து மனைவி மக்களை அழைத்து வருவது அவர்களில் மிகப் பலருக்கும் நடக்காத காரியம். அங்கேயே பழங்குடிப் பெண்களையும், சிலர் வெள்ளைக்காரப் பெண்களையும் மணந்து குடும்பம் ஆனார்கள். மாரீ ஊரில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பழங்குடியினரும். ஊரே இரண்டாகத்தான் இருந்தது. ஒட்டகக்காரர்கள் தங்கள் பக்கத்தில் மண்ணாலும் கூரையாலும் சின்னப் பள்ளிவாசல் கட்டிக்கொண்டார்கள். பேரீச்சையும் நட்டார்கள்.

பெஜா தர்வேஷ் என்று ஒருவர். பலுசிஸ்தான்காரர், முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர். 1896-ல் மேற்குப் பாலைவனத்துக்குப் போன கால்வர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களுக்குப் பொறுப்பாளர். அந்தப் பயணத்தில் இரண்டு பேர் தாகத்தால் இறந்தார்கள். மீதிப்பேர் பிழைத்ததில் பெஜாவின் பங்கு பெரியது என்று தலைவர் லாரன்ஸ் வெல்ஸ் தன் திசைகாட்டியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். வழியில் கண்ட குன்று ஒன்றுக்கு அவர் பெயரையும் வைத்தார். பெஜா பிறகு மாரீயில் குடும்பத்தோடு வாழ்ந்து, வயதான காலத்தில் பேரீச்ச மரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். 1957-ல் மறைந்தார். அவர் மகன் ஜாக் பெஜா 1939-ல் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்த மேடிகன் பயணக் குழுவில் ஒட்டகங்களை நடத்திப் போனார். அப்பாவும் பிள்ளையும் அந்த நாட்டுப் பாலைவனத்துக்கு வரைபடம் போட உதவியிருக்கிறார்கள்.

1920-களில் லாரி வந்தது. ஒட்டகத்துக்கு வேலை போனது. 1925-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் போட்ட சட்டத்தின் பெயரே ஒட்டக அழிப்புச் சட்டம். உரிமையாளர் அடையாளம் இல்லாமல் திரியும் ஒட்டகத்தைச் சுடலாம். கூடவே நடந்து, கூடவே படுத்த மிருகத்தைச் சுடக் கொடுக்க மனம் வராமல் பலர் பாலைவனத்தில் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இன்று காட்டு ஒட்டகம் ஒரு பெரிய தொல்லை என்று படித்திருப்பீர்கள். அவை அந்த ஒட்டகங்களின் வாரிசுகள். ஒட்டகமும் அலைகிறது, மரமும் பரவுகிறது, கொண்டுவந்தவன் மட்டும் மறைந்துபோனான்.

சரி, மரம் நின்றால் என்ன கெட்டுவிட்டது? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பாலைவனத்தில் பச்சை தெரிந்தால் நமக்குச் சந்தோஷம்தானே. படிக்கப் படிக்கத்தான் விஷயம் பிடிபட்டது.

அந்த ஊற்றுகளில் பல, நீங்கள் நினைப்பது போலப் பெரிய குளம் இல்லை. வாய்க்கால் மாதிரி ஒரு சின்ன ஓட்டம், ஓரத்தில் நாணல், கோரை. அவ்வளவுதான். வளர்ந்த பேரீச்சை வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் உறிஞ்சும். அப்படிப் பத்து இருபது மரங்கள் ஊற்றுவாயைச் சுற்றி நெருக்கி நின்றால், சின்ன ஊற்றில் ஓடுவதற்கு என்ன மிஞ்சும்? அடுத்து, நிழல். நல்ல வெயில் விழும் தண்ணீரில்தான் பாசி வளரும், பாசியைத் தின்றுதான் நத்தையும் பூச்சியும் வாழும், அவற்றைத் தின்றுதான் மீன் வாழும். மரத்தின் அடியில் இருட்டு. காய்ந்த மட்டை விழுந்து விழுந்து ஆள் உயரத்துக்குக் குவிந்து நாணலை மூடிவிடும், தண்ணீரில் அழுகும். அந்த மட்டைக் குவியலில் தீ பிடித்தால் நாணல் தீ மாதிரி மேலோடு போகாது, நின்று எரியும். ஊற்றங்கரையின் பழைய செடிகள் எதற்கும் அந்தச் சூடு பழக்கம் இல்லை. மரம் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. தன் பாட்டுக்கு நின்று வளர்ந்ததே போதுமானதாக இருந்தது.

டல்ஹௌசியைச் சுற்றிய நிலத்தை அரசு வாங்கி 1985-ல் விட்ஜிரா தேசியப் பூங்கா என்று அறிவித்தது. அந்த நிலத்தின் பழங்குடி மக்களும் அரசும் சேர்ந்து அதை நடத்துகிறார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய ஆண்டுகளில் பேரீச்சைகளை வெட்டியும் எரித்தும் அகற்றும் வேலை நடந்தது. சுலபமான வேலை இல்லை. வெட்டின அடியில் கன்று வரும், விழுந்து கிடக்கும் கொட்டை அடுத்த ஆண்டு முளைக்கும், திரும்பத் திரும்பப் போய்ப் பிடுங்க வேண்டும். 2009-ல் இந்த ஊற்றுகள் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மேற்கு ஆஸ்திரேலியாவில் மில்ஸ்ட்ரீம் என்னும் ஊற்றுப் பகுதியிலும் இதே கதை. அங்கே அந்த மண்ணுக்கே உரிய விசிறிப் பனை வகை ஒன்று உண்டு, அதை நெருக்கிக்கொண்டு பேரீச்சை பெருகிவிட்டதால் பேரீச்சையை எடுத்தார்கள்.

இங்கே "மண்ணின் மரம், வந்த மரம்" என்று கோடு கிழித்துவிட்டோம் அல்லவா? அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை என்பதற்கு ஓர் உதாரணம், டல்ஹௌசிக்கு வடமேற்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. பாம் வேலி, அதாவது பனைப் பள்ளத்தாக்கு. சுற்றிலும் செம்மண் பாறை, நடுவில் சில ஆயிரம் பனைகள். இவற்றின் நெருங்கிய சொந்தக்கார மரங்கள் இருப்பதோ சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே. ஒரு காலத்தில் ஆஸ்திரேலியா முழுவதும் ஈரக்காடாக இருந்தபோது பரவியிருந்த மரத்தின் மிச்சம் இது, பல லட்சம் ஆண்டுகளாக இங்கேயே நிற்கிறது என்றுதான் எல்லோரும் எழுதிவந்தார்கள். 2012-ல் வெளிவந்த மரபணு ஆய்வு அதைப் புரட்டிப் போட்டுவிட்டது. வடக்கத்தி மரத்திலிருந்து இது பிரிந்து ஏறக்குறைய 15,000 ஆண்டுகள்தான் ஆகின்றனவாம். மனிதர் வந்த பிறகு! அப்படியானால் யாரோ கையில் எடுத்து வந்திருக்க வேண்டும் என்று சந்தேகம் எழுந்தது. பிறகு தேடிப் பார்த்தால், 1894-ல் கார்ல் ஸ்ட்ரெலோ என்னும் ஜெர்மானியப் பாதிரியார் அந்தப் பழங்குடி மக்களிடம் கேட்டு எழுதி வைத்த கதை ஒன்றில், வடக்கிலிருந்து வந்த தெய்வங்கள் பனை விதையைக் கொண்டு வந்ததாகவே இருக்கிறது. ஆய்வாளர்கள் 2015-ல் அதை வெளியே கொண்டுவந்தார்கள். சொன்னவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், நூறு வருடத்துக்கு மேல் யாரும் காது கொடுக்கவில்லை.

ஆகவே ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் தண்ணீர் ஓரத்தில் பனை இனத்து மரத்தை நட்ட முதல் ஆள் ஒட்டகக்காரனாக இருக்க வழியில்லை. பாம் வேலிப் பனையை இன்று யாரும் களை என்று சொல்வதில்லை. அது பதினைந்தாயிரம் ஆண்டுகளில் பக்கத்துச் செடி கொடியோடு ஒத்துப்போய்விட்டது. பேரீச்சைக்கு நூற்று ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. டல்ஹௌசிக் கெளுத்திக்கு அத்தனை காலம் காத்திருக்க முடியாது. என் கணக்கில் வெட்டியது சரிதான். எங்கிருந்து வந்த மரம் என்பதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சின்னத் தண்ணீரில் இரண்டுக்கும் இடம் இல்லை, மீனுக்கு வேறு ஊர் இல்லை, பேரீச்சைக்கு உலகமெல்லாம் ஊர். அவ்வளவே.

ஆனால் பேரீச்சையின் மீதே எல்லாப் பழியையும் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1878-ல் நியூ சௌத் வேல்ஸில் முதல் ஆர்ட்டீசியன் துளைக்கிணறு போட்டார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கில் போட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு மூடியே கிடையாது. இரவும் பகலும் பீறிட்டுத் திறந்த வாய்க்காலில் ஓடி, மாடு குடித்தது கொஞ்சம், ஆவியானதும் மண் குடித்ததும் மிச்சம். தொட்டியில் அழுத்தம் இறங்கினால் சமையலறைக் குழாயில் தண்ணீர் குறையும் அல்லவா? பல இடங்களில் ஊற்றுகள் அடியோடு வற்றின. அவற்றோடு எந்த நத்தை, எந்த மீன் போயிற்று என்று எழுதி வைக்க ஆளில்லை. நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, 1999-ல்தான் அந்தக் கிணறுகளுக்கு மூடி போடவும், வாய்க்காலுக்குப் பதில் குழாய் போடவும் அரசுகள் சேர்ந்து பெரிய திட்டம் தொடங்கின. திறந்து விட்ட கிணற்றைப் பற்றிப் பேசாமல் ஊற்றங்கரை மரத்தை மட்டும் காட்டிக் கோபப்படுவது எளிது. மரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதுவும் அந்நிய மரம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒட்டகக்காரர்களின் பேரன் பேத்திகளில் பலர் இன்று பழங்குடிக் குடும்பத்தார். பாட்டி வழியில் அந்த ஊற்று அவர்களுடையது, தாத்தா வழியில் அந்த மரம் அவர்களுடையது. நாட்டுக்குள் சேர்க்க மறுத்த மனிதர்கள் விட்டுச் சென்ற அடையாளம் மிகக் கொஞ்சம்: தகரக் கூரைப் பள்ளிவாசல், கிப்லாவை நோக்கிய சில கல்லறைகள், ஒரு ரயிலின் பெயர், இந்த மரங்கள். அதனால் ஒரு மரம் விடாமல் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் என்று கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. டல்ஹௌசியின் பழைய பண்ணை வீடு இப்போது கூரை இல்லாத கல் சுவர்களாக நிற்கிறது. அதன் பக்கத்தில் பேரீச்சைகளை இன்றும் பார்க்கலாம். மீன் குளத்தை விட்டுத் தள்ளி, யார் நட்டது, எந்தக் காலத்தில் என்று ஒரு பலகையும் வைத்து, அந்த மாதிரிச் சில மரங்களைக் காவல் வைத்து நிறுத்திக்கொள்வதில் தவறில்லை என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். தாவரவியல் படித்தவர்கள் இரண்டு பேராவது சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், வாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. டல்ஹௌசிக்குப் போவதென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள். அந்த ஊர்க் கோடை நம் கத்திரி வெயிலைவிடக் கொடுமை, சிம்ப்சன் பாலைவனப் பூங்காவையே அப்போது மூடிவிடுவார்கள். அடிலெய்டிலிருந்து சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், கடைசிப் பகுதி கரடுமுரடு, சாதாரண கார் உதவாது. மாரீ வழியாகப் போனால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னப் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு வாருங்கள். சோப்புப் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள். வழிக்குப் பேரீச்சம்பழம் எடுத்துப் போகிறவர்கள் கொட்டையைப் பையிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.